ஒரிஜினல் பை

அம்மாவின் முகத்தைத் துடைத்த ஈரத்துணி கறுத்து வந்தது. மகள் அதை அலசிப் பிழிந்து மறுபடி துடைத்தாள். மூச்சு நின்று மூன்று மணி நேரம் ஆகியும் மூக்கோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது பாலிஷ் தூள். நான்கு வருடமாக இந்த வீட்டில் சோற்றிலும் தலையணையிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் அதே கறுப்பு.

கூடத்தில் அப்பா அந்தப் பழைய இயந்திரத்தை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டி வர்ற நேரம். இன்னிக்குமா அதைக் கட்டிக்கிட்டு அழுவே?" என்றாள் அத்தை.

"மெஷின் மூக்குல ஒரு கை போட்டா முடிஞ்சுது. அவ ஆசையா கேட்டது."

கேட்டது உண்மைதான். துடைப்பத்தைத் தொட்டாலே அம்மாவுக்கு இழுப்பு வரும். கையில் பிடிக்கிற சின்ன வேக்குவம் கிளீனர் ஒன்று போதும் என்றாள். சொன்ன விலைக்குத் தீப்பெட்டிகூட வாங்கியறியாத மனிதர், புதிதையா வாங்குவார்? பழைய சாமான் கடையில் அரை நாள் நின்று, கடைக்காரனை அழவிட்டு, அறுபது வருடக் கிழடு ஒன்றைத் தூக்கிவந்தார்.

"புதுசெல்லாம் பிளாஸ்டிக். இது அலுமினியம்டி! தேய்ச்சா முகம் பாக்கலாம்."

அவர் தேய்த்தார். உதிர்ந்ததையெல்லாம் அம்மா துடைப்பத்தால் கூட்டினாள். ஓடாமல் கிடந்த மோட்டாரை ஆறே மாதத்தில் ஓடவைத்துவிட்டார். "இப்பவாவது குடுங்களேன்" என்றாள். "பொறு, பளபளப்பு வரட்டும்" என்றார். தூசி சேரும் துணிப்பை இற்றுப்போயும் அதை மாற்ற விடவில்லை. மாற்றினால் ஒரிஜினல் போய்விடுமாம். துவைத்தால் அதிலுள்ள எழுத்து அழிந்துவிடுமாம்.

இப்போது அத்தையின் வீட்டுக்காரர் குனிந்து, இயந்திரத்தில் தெரிந்த தன் மீசையை நீவிக்கொண்டார். "அடேயப்பா! குடுக்கிறதுன்னா எங்கிட்ட சொல்லு மச்சான்."

"குடுக்கறதாவது! அவ கிளம்பறதுக்குள்ள ஒரு தடவை ஓட்டணும்." அப்பா பிளக்கைச் செருகினார்.

மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். "வேணாம்பா. பை தாங்காது."

"ஒரு நிமிஷம்மா. அவ காதுல விழட்டும்."

"நாலு வருஷமா அவ இருமினது உங்க காதுல விழுந்துச்சா?"

மீசையிலிருந்த கை இறங்கியது. அப்பா நிமிரவில்லை. இயந்திரத்தில் எங்கோ ஒரு விரல் ரேகையைக் கண்டுபிடித்து, சட்டை நுனியால் துடைத்தார். பிறகு சுவிட்சைத் தள்ளினார்.

அது அலறியது. பை உப்பி, தையல் விட்டு, யார் யார் வீட்டுத் தூசியோ கூடமெங்கும் புகையாய் எழுந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் ஓடினாள். அம்மாவின் அறைக்கதவை இழுத்துச் சாத்தினாள். கால்மிதியைச் சுருட்டிக் கதவடி இடுக்கில் செருகி, குதிகாலால் அழுத்தினாள்.

பின்னால் இயந்திரம் நின்றது. உள்ளே இருமல் கேட்கிறதா என்று அவள் கதவில் காதை வைத்திருந்தாள்.