ஆம்னியில் இரண்டு சப்வூஃபர்

2003 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. புனே கோர்படி ரயில்வே குடியிருப்பிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மாதா ஊர்வலம் புறப்படுவதாக இருந்தது.

வருடா வருடம் முன்னால் போகும் பேண்டு இந்த முறை இல்லை. மச்சினன் சுனிலின் ஆம்னி வேனில் சப்வூஃபர் என்னும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை வைத்துத் தெருவையே அதிர வைப்பதாக ஆண்டனி கோயில் கமிட்டியில் சொல்லியிருந்தார். அதை நம்பி பேண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆண்டனி ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். மூன்று மணிக்கு வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டுப் பாட்டைப் போட்டார். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது, பாட்டு நின்றது.

"அத்தான், நாலு ஓமுக்குக் கீழ போகாதேன்னு அதுலயே போட்டிருக்கு," என்றான் சுனில்.

"ஏல, அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

ஒவ்வொரு சப்வூஃபரிலும் நாலு ஓம் தடையுள்ள காயில் இரண்டு. நான்கையும் பக்க இணைப்பில் கொடுத்ததால் மொத்தத் தடை ஒரு ஓமாக இறங்கியிருந்தது. அவ்வளவு கரண்டைத் தள்ள முடியாமல் ஆம்ப்ளிஃபயர் தன்னை நிறுத்திக்கொண்டது. ஆண்டனி பிரித்து, ஒரு பெட்டியின் இரு காயில்களையும் தொடர் இணைப்பாக்கினார்: எட்டு. அடுத்ததும் எட்டு. இரண்டு பெட்டிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் நாலு.

இப்போது பச்சை விளக்கு. ஸ்பீக்கர் கூம்புகள் விரல் தடிமனுக்கு முன்னும் பின்னும் பாய்ந்தன. ஆனால் அதிர்வே இல்லை. சத்தத்தைக் கூட்டினார். கூம்புகள் இன்னும் வேகமாகக் குதித்தன. பாட்டில் தவில் மட்டும் காணாமல் போயிருந்தது.

பூக்கூடையோடு வந்த மனைவி ஜான்சி வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்கா பேண்டை வேணாம்னீங்க? நம்ம வீட்டு மிக்ஸியே இதைவிட அதிரும்."

"அக்கா, நீ வேற. பஸ் கர், போதும்."

ஆண்டனி ஒரு பெட்டியின் வயரைக் கழற்றினார். தவில் திரும்பி வந்தது. மாட்டினார், மறைந்தது. மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். தனியாக ஒலிப்பது, துணை சேர்ந்ததும் ஊமையானது.

பிறகு அவர் இரண்டு பெட்டிகளின் வயர்களையும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவி, டார்ச் பேட்டரி ஒன்றில் சேர்த்துத் தொட்டார்.

"ஒண்ணு வெளிய வருது," என்றாள் ஜான்சி. "இன்னொண்ணு உள்ள போகுது."

ஆண்டனி தலையில் கை வைத்துக்கொண்டார். இருபது வருடமாக விளக்கு மாட்டுகிறவர். விளக்குக்கு எந்த வயர் எந்தப் பக்கம் போனாலும் எரியும். அதே கைப்பழக்கத்தில் ஒரு பெட்டிக்குச் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருந்தார். ஒன்று தள்ளிய காற்றை மற்றது அதே கணத்தில் உள்ளே இழுத்திருக்கிறது. அத்தனை பலமும் சேர்ந்து ஒரு மௌனத்தை உண்டாக்கியிருந்தது.

வயரை மாற்றி மாட்டினார். முதல் அடி காதில் விழும் முன் நெஞ்சில் விழுந்தது. ஜான்சியின் கூடையில் பூக்கள் நடுங்கின. எதிர் வீட்டு ஜன்னல் தகரம் கடகடத்தது. அவள் தன்னையறியாமல் வேனின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள், உயிருள்ள ஒன்றைத் தொடுவதுபோல. எடுக்க மனம் வரவில்லை.

"தேவா," என்றான் சுனில், மெதுவாக.

ஐந்தே கால் மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. ஆம்னி முன்னால் போனது.