எதிர்ப் பக்கத்து நாற்காலி

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மேசை. சாப்பாடும் அதில்தான், பாடமும் அதில்தான். அதன் விளிம்பில் அங்கங்கே விரல் நக அளவில் பெயின்ட் பொட்டுகள் இருக்கும். என் கணவர் பெயின்டர். டப்பாவின் அடியில் மிஞ்சுவதை வீட்டுக்குக் கொண்டுவருவார். பிள்ளைகளில் யாருக்காவது முதல் பல் விழுந்தாலும், யாராவது முதல்முறை தனியாகத் தெருவைக் கடந்தாலும், ஒரு பக்கம் முழுவதையும் தானாகப் படித்தாலும், அந்தப் பிள்ளை கேட்கும் நிறத்தில் அது உட்காரும் இடத்துக்கு நேராக ஒரு பொட்டு வைப்பார். வெளியாட்கள் பார்த்தால் அழுக்கு என்பார்கள். எங்களுக்கு எது யாருடையது என்று தெரியும்.

பிள்ளைகள் நான்கு பேர். பெரியவளை நாங்கள் பெரியவள் என்றுதான் கூப்பிடுகிறோம். அடுத்தவள் வானொலி. நிறுத்தினால்கூட ஓடிக்கொண்டிருப்பாள். மூன்றாவது பையன் வவ்வால். கட்டிலின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரில் இருக்கும் நாட்காட்டியை முணுமுணுப்பான், அதனால் அந்தப் பெயர். கடைசி கைக்குழந்தை.

வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது நான் திட்டம் போட்டுச் செய்தது இல்லை. திட்டம் எல்லாம் பிறகுதான் போட்டேன். பெரியவளுக்குத் திக்கும். பள்ளிக்கூடத்தில் அவள் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் அவளுக்கு முன்னால் அந்த வார்த்தையை முடித்துவைத்துச் சிரித்தார்கள். முதலில் அவள் பள்ளியில் பேசுவதை நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் நிறுத்தினாள். அன்றைக்கு அவளுடைய பையை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்தேன். பேச்சு திரும்பிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே படிக்க அவளே பழகிக்கொண்டாள்.

என் கணவரின் அக்கா ஒரு பள்ளியில் ஆசிரியை. கெட்டவர் இல்லை. பிரசவத்துக்கெல்லாம் வந்து நின்றவர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் வாய் நிற்காது.

"நீயே பாதியில படிப்பை விட்டவ. இப்பத்தான் சாயங்கால வகுப்புக்குப் போய் மிச்சத்தைப் படிக்கிறே. நீ நாலு பேருக்கு வாத்தியாரா? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"சட்டி அடுப்புல இருக்கு அண்ணி. வேகுது" என்றேன்.

பதில் சொன்னேனே தவிர, அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் எதையும் ஒழுங்குபடுத்திச் செய்வேன். காலையில் கணக்கு, பிறகு வாசிப்பு, மதியம் கைவேலை. வாசிப்புக்கு ஒரே புத்தகம். நான் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மேசையின் ஒரு பக்கம், வலப்பக்கம் பெரியவள், இடப்பக்கம் வானொலி. மடிக்கு ஆள் வந்துவிட்டதால் வவ்வால் எதிர்ப் பக்கம். புத்தகம் நடுவில் என்னைப் பார்த்து இருக்கும். நான் வரிக்குக் கீழே விரலை ஓட்டுவேன், முறைவைத்துப் படிப்பார்கள். போன மாதம் வவ்வாலும் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படித்து முடித்தான். பச்சைப் பொட்டு கேட்டான். அவன் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றினார்.

அப்புறம்தான் கல்வி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்க அவர் அனுமதி வேண்டும். பள்ளி வயது வந்த ஒவ்வொரு பிள்ளையும் அவர் கொண்டுவரும் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். ஒரு பிள்ளைக்கு வராவிட்டாலும் எல்லோரையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது விதி. பெரியவள் அதைக் கேட்டுவிட்டு அலமாரிக்கு மேலே இருந்த பையை ஒருமுறை பார்த்தாள்.

அன்றைக்கு அண்ணியும் வந்திருந்தார். "எதுக்கும் எங்க ஸ்கூல்ல மூணு இடம் சொல்லிவச்சிருக்கேன்" என்றார்.

அதிகாரி வயதானவர். நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு எதிரே பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். பெரியவள் விரலால் தட்டித் தட்டிப் படித்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. வானொலி ஒரு பக்கம் கேட்டதற்கு இரண்டு பக்கம் படித்துவிட்டு, கதையில் வரும் நரி செய்தது தப்பு என்று கருத்தும் சொன்னாள்.

"போதும்மா. ஸ்டேஷனை மூடு" என்றார் அவர். எனக்கு மூச்சு வந்தது.

வவ்வால் உட்கார்ந்தான். அவர் புத்தகத்தை அவன் பக்கமாக நேராகத் திருப்பி வைத்தார். அவன் பார்த்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். பிறகு மறுபக்கம் சாய்த்தான்.

"படிப்பா."

"இது வேற பாஷை" என்றான்.

வானொலி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"ஒரு எழுத்தாவது தெரியுதா பாரு."

"இந்த எழுத்து எங்க வீட்ல இல்ல."

அண்ணி நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்து மெதுவாக மூடியைத் திறந்தார். "சின்னப் பையன்தானே, பரவாயில்லைம்மா" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினார். அப்போது வவ்வால் மேசைமேல் எம்பி, கடகடவென்று படித்தான்.

"ஆற்றங்கரையில் ஓர் ஆமை இருந்தது. அதற்கு அவசரம் என்றால் பிடிக்காது. ஒருநாள் அது..."

பக்கம் முழுவதும் படித்தான். எழுத்தெல்லாம் அவனுக்குத் தலைகீழாக இருந்தது.

கட்டில் ஓரமும் நாட்காட்டியும் கண்முன் வந்தன. அவன் விளையாடியிருக்கவில்லை. நாட்காட்டியைப் படிக்க அவனுக்கு வேறு வழி இருந்திருக்கவில்லை. அவனுக்குப் புத்தகம் என்றால் எதிர்ப் பக்கத்திலிருந்து தெரிவதுதான் புத்தகம். கை வலுக்கட்டும் என்று எழுத இன்னும் பழக்கவில்லை, அதனால் அதிலும் எனக்குத் தெரியவில்லை. நான்கு பக்க மேசையில் ஒருத்தனுக்கு எல்லாம் கவிழ்ந்து தெரியும் என்று யோசிக்காமல், எத்தனை ஒழுங்காகத் திட்டம் போட்டிருக்கிறேன்.

"கர்மம்" என்றார் அண்ணி. "தலைகீழா படிக்கிற பிள்ளையை எங்கயாவது பார்த்திருக்கீங்களா சார்?"

"பார்த்திருக்கேன். நானே படிப்பேன்" என்றார் அதிகாரி. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்து ஒரு வரியைத் தடங்கலில்லாமல் படித்தார். "மேசைக்கு அந்தப் பக்கம் மேலதிகாரி என்ன எழுதுறார்னு பார்த்துப் பார்த்தே பழகினது. ஆனா எனக்கு நேராவும் வரும்மா. இவனுக்கு வரலையே. வாசிக்கத் தெரியலைன்னுதான் எழுதணும்."

"அப்படி எழுதாதீங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "படிச்சதை நீங்க கேட்டீங்க. தலைகீழா வாசிக்கிறான்னு எழுதுங்க. அது என் தப்பு, நான் கையெழுத்துப் போடுறேன். தெரியலைன்னு எழுதினா போடமாட்டேன்."

"அப்படி எழுத இதுல இடம் இல்லம்மா."

"ஓரத்துல எழுதுங்க."

அவர் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார். கடைசியில் ஒரு மாதம் கழித்து மறுபடி வருவதாகச் சொன்னார். அதுவரை மூவரையும் பள்ளிக்கு அனுப்பிவைத்தால் தனக்கும் எனக்கும் நல்லது என்றார்.

"அனுப்பமாட்டேன் சார்."

அவர் போனதும் அண்ணி மேசை விளிம்பைக் காட்டினார். "முதல்ல அந்தப் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டு. படிக்காத பிள்ளைக்குப் படிச்சதா பொட்டு. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவன் படிச்சான் அண்ணி. அது அங்கயேதான் இருக்கும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெரியவள் என் பக்கத்தில் வந்து நின்று, "நா... நான் போகமாட்டேன்" என்றாள். போகவேண்டாம் என்றேன்.

மறுநாளே வவ்வாலை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவன் நேராக இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திருத்தினேன். இன்னும் திருத்தினேன். மூன்றாம் நாள் புத்தகத்தை எடுத்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். எந்தப் பாடத்திலும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை இந்த வீட்டில் இருந்தது அது. அப்போது பள்ளிக்கூடத்தைக் குறை சொன்னேன். இப்போது யாரைச் சொல்வது?

கணவரிடம் சொன்னேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். "முதல் பூச்சு காயறதுக்குள்ள ரெண்டாவது பூசினா என்ன ஆகும்? ரெண்டும் சேர்ந்து உரிஞ்சு வந்துடும். விடு கொஞ்சம்."

"விட்டா ஒரு மாசத்துல எப்படி?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எனக்குச் சுவர்தான் தெரியும்."

அன்றைக்குச் சாயங்கால வகுப்பில் கோணங்கள் பாடம் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கோணமானியை எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்று நொந்துகொண்டிருந்தவள், சட்டென்று அதைத் தாளின் மேல் வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்தேன்.

வவ்வாலை மறுபடி எதிர்ப் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரவைத்தேன். புத்தகம் அவன் பழகியபடியே தலைகீழாக. அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்ததே பெரிய விஷயம். மறுநாள் கோணமானியில் சில சின்னக் கோடுகள் அளவுக்குப் புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வானொலி கவனித்துவிட்டாள்.

"அம்மா, புக் கோணலா..."

பெரியவள் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

பாதித் தூரம் நன்றாகவே வந்தோம். புத்தகம் அவனுக்குப் பக்கவாட்டில் படுத்திருக்கும் நிலை வரை. அதற்கு மேல் திருப்பியதும் தடுமாறினான், உதட்டைக் கடித்தான். நான் நிறுத்திவிட்டேன். பக்கவாட்டு நிலைக்கே கொண்டுவந்து அங்கேயே விட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கலாமோ என்று தினமும் நினைத்தேன். தினமும் தள்ளவில்லை. மாதம் முடிந்துவிட்டது.

அதிகாரி வந்தார். இந்த முறை வவ்வாலை மட்டும் கூப்பிட்டார். வேறு புத்தகம். அவன் எதிரே நேராக வைத்தார்.

"ஒண்ணு சொல்லிடுறேம்மா. வச்சது வச்சபடி இருக்கணும். புத்தகத்தைத் திருப்பக் கூடாது. இது நான் போட்ட விதி இல்ல."

வவ்வாலின் கை புத்தகத்துக்குப் போய், அதைக் கேட்டுப் பின்வாங்கியது. அவன் புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, மேசையைச் சுற்றி வானொலியின் பக்கம் போய், "தள்ளிக்கோ" என்றான். அவள் ஆச்சரியத்தில் பேசாமல் தள்ளிக்கொண்டாள். அவன் அங்கே ஏறி உட்கார்ந்து, பழகியபடி பக்கவாட்டில் தெரிந்த பக்கத்தைப் படித்தான்.

"மழை விட்டதும் நத்தை தன் வீட்டோடு வெளியே வந்தது. எங்கே போகிறாய் என்று தவளை கேட்டது..."

ஒரு பக்கம். இரண்டு இடத்தில் நின்றான், தானே பிடித்துக்கொண்டான்.

அதிகாரி தாடையைச் சொறிந்தார். "புத்தகத்தை நேரா வச்சுப் படிக்கணுமே."

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் பேசினாள். வெளியாள் ஒருவரிடம் அவள் தானாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பு... பு..."

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். முடித்துவைக்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் விரல் மேசையில் தட்டியது. அதிகாரியும் காத்திருந்தார்.

"புத்தகம் நே... நேராத்தான் இருக்கு சார். யாரும் தொ... தொடல. அவன்தான் நகர்ந்தான். பிள்ளை நகரக் கூடாதுன்னு நீங்க சொ... சொல்லல."

அவர் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். காலி நாற்காலிக்கு நேராக, வைத்தது வைத்தபடி இருந்தது.

"சொல்லலதான்" என்றார்.

பேனாவை எடுத்து எழுதினார். கையெழுத்துக்காக என்னிடம் நீட்டியபோது படித்துப் பார்த்துத்தான் போட்டேன். 'வாசிக்கிறான்' என்று இருந்தது.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேம்மா. வேற ஆள் வருவார். அவர் நகர விடமாட்டார்."

"அதுக்குள்ள மிச்சப் பாதியும் சுத்தி வந்துடுவான் சார்."

"வரலைன்னா?"

"வரலைன்னாலும் அனுப்பமாட்டேன். அவர்கிட்டயும் இதையே சொல்லுவேன்."

அவர் சிரித்தாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரா என்று தெரியவில்லை.

கணவர் வந்ததும் பெரியவள் தன் இடத்துக்கு நேராக விளிம்பைக் காட்டினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வானொலி ஏற்கெனவே மாடிப்படியிலேயே ஒலிபரப்பிவிட்டிருந்தாள். அவர் டப்பாக்களை வரிசையாகத் திறந்துவைத்தார். பெரியவள் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிவப்பைத் தொட்டாள்.

அண்ணிக்கு நானே போன் செய்தேன்.

"அந்த மூணு இடத்தையும் வேற பிள்ளைங்களுக்குக் கொடுத்துடுங்க அண்ணி."

"அந்தப் பச்சையைச் சுரண்டினியா?"

"இல்ல. பக்கத்துல இப்ப சிவப்பும் இருக்கு."

"திமிருடி உனக்கு" என்றார். வைத்துவிடவில்லை. "பையன் இப்ப எப்படித்தான் படிக்கிறான்?"

"பக்கவாட்டுல."

"கர்மம்" என்றார். குழந்தைக்குச் சளி விட்டதா என்று கேட்டார்.

வகுப்புக்கு நேரமாகியிருந்தது. கோணமானியைக் காணவில்லை. தேடினால், வவ்வால் அதை நாட்காட்டியின் மேல் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்து நின்றுகொண்டிருந்தான். அவனிடமிருந்து அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.