இரண்டாவது கட்டு

இரும்புக் கயிறு அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் மேலே சுக்கான் அறையில் இருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, தளத்தில் இருந்த அத்தனை பேரும் கயிறு இழுக்கும் விஞ்சுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததுமே மருந்துப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

எங்களுடையது மாந்தா துறைமுகத்துச் சூரை மீன் பிடிக்கும் கப்பல். பெயர் எடெல்மிரா. நான் அதில் இரண்டாம் அதிகாரி. கடல் வரைபடமும் மருந்துப் பெட்டியும் என் பொறுப்பு. பயிற்சியில் ரப்பர் கையில் ஊசி குத்தியிருக்கிறேன், பன்றித் தோலில் தையல் போட்டிருக்கிறேன். கப்பலில் அதுவரை பார்த்ததெல்லாம் தூண்டில் குத்திய விரல், வயிற்றுப்போக்கு, பல்வலி.

அன்று காலை சின்ன வலைப்படகு ஒரு முனையைப் பிடித்திருக்க, மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை விட்டுவிட்டு அடிப்பக்கத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுருக்குப்பையின் நாடா மாதிரி வலையின் அடியில் ஓடும் இரும்புக் கயிற்றை விஞ்ச் இழுக்கும். அந்தக் கயிறுதான் அறுந்தது. விஞ்சை ஓட்டியவன் உபால்டோ அஞ்சுந்தியா. கயிறு அடித்தது அவன் அண்ணன் கொலோனை. கொலோன்தான் எங்கள் தளத்து மேஸ்திரி.

அவர் உதிரி வலைக்குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது தொடையின் உட்பக்கம் கிழிந்து, ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது. என்னைப் பார்த்ததும், "ஆபீசரம்மா, புது பேண்ட்டு. ஊருக்குப் போட்டுட்டுப் போகலாம்னு இருந்தேன்," என்றார். முகம் அதற்குள் மெழுகு நிறத்துக்குப் போயிருந்தது.

முதலில் என் முழங்காலை அவர் அடிவயிற்றோரம், தொடை தொடங்கும் இடத்தில் அழுத்தினேன். பிறகு பையிலிருந்த இறுக்குப்பட்டையை எடுத்துக் காயத்துக்கு மேலே மாட்டி, அதன் குச்சியைத் திருகினேன். கொலோனின் தொடை என் இடுப்பளவு இருக்கும். குச்சி இனித் திரும்பாது என்ற நிலையிலும் ரத்தம் கசிந்துகொண்டேதான் இருந்தது. வேறு பட்டை கிடையாது. சரக்குத் தூக்கும் நாடாவில் ஒரு துண்டை வெட்டித் தரச் சொன்னேன். முதல் கட்டுக்கு மேலே அதைச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் ஒரு ஸ்பேனரைச் செருகித் திருகினேன். கொலோன் அப்போதுதான் கத்தினார். நான் நிறுத்தவில்லை. மூன்றாவது சுற்றில் ரத்தம் நின்றது. கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் நெற்றியிலேயே எழுதினேன்.

நான்கு பேர் அவரைப் பலகையில் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தினார்கள். காலை உணவுக்கு வைத்திருந்த வாழைக்காய் உருண்டைகளைச் சமையல்காரர் ஒரே தள்ளாகத் தள்ளி இடம் பண்ணினார். போர்வைகளைப் போட்டு மூடினோம். உப்புநீர் ஏற்றக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. ரத்தம் வற்றினால் நரம்பு ஒளிந்துகொள்ளும் என்று பாடத்தில் படித்ததுதான். நான்காவது குத்தில் கிடைத்தது. உப்புநீர் சொட்டத் தொடங்கியது.

மீன்பிடித் தலைவர் டான் எவுலோகியோ வாசலில் வந்து நின்றார். கப்பலில் அவர் சொல்தான் முடிவு; டான் என்பது மரியாதைக்காக நாங்கள் சேர்த்துக் கூப்பிடுவது. அறுபதைத் தொட்டவர், வாயைத் திறப்பதே அபூர்வம்.

"பிழைப்பானா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா பிழைக்கலாம். இங்கேயே கிடந்தா மாட்டாரு."

எங்கள் கப்பலில் மீன் கூட்டம் தேடும் ஹெலிகாப்டர் ஒன்று உண்டு. சான் கிறிஸ்தோபால் தீவில் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனால் தீவு ஹெலிகாப்டரின் எண்ணெய்க்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பாதி நாளாவது கப்பல் ஓடிக் கிட்டே போனால்தான் ஹெலிகாப்டர் கிளம்ப முடியும். வலை தண்ணீரில் கிடக்கும்வரை கப்பல் நகராது. அடிவாய் திறந்தே கிடந்ததால் மீன் எப்போதோ கீழே போயிருந்தது. ஆனாலும் ஒன்றரை கிலோமீட்டர் வலையை மேலே ஏற்ற மத்தியானம் ஆகிவிடும்.

டான் எவுலோகியோ சற்று நேரம் கொலோனின் வெறுங்காலையே பார்த்தார். "வலையை அவுத்து விடுங்க. வலைப்படகு அதைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே நிக்கட்டும்," என்றார். முதலாளியின் இன்னொரு கப்பல் சாயங்காலத்துக்குள் அங்கே வந்துவிடும், அது பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. மாந்தாவிலிருந்து முதலாளி போனில் போட்ட சத்தம் கதவுக்கு வெளியே வரைக்கும் கேட்டதாம். டான் எவுலோகியோ போனை மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பி குடித்தாராம். வலைப்படகில் இருந்த இரண்டு பேருக்குத் தண்ணீரும் ரொட்டியும் இறக்கிவிட்டு, கப்பல் கிழக்கே திரும்பியது.

ரேடியோவில் குவாயாகில் நகரத்து டாக்டரம்மா ஒருவர் கிடைத்தார். வலி மருந்து போடலாமா என்று கேட்டேன். ரத்த அழுத்தம் என்ன என்று கேட்டார். சொன்னேன். இந்த அழுத்தத்தில் மார்ஃபின் போட்டால் மூச்சு நின்றுவிடும், பொறுங்கள் என்றார். கட்டைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்: "யாரு அழுதாலும் சரி, கெஞ்சினாலும் சரி, ஆப்பரேஷன் மேசையிலதான் அது அவிழணும்."

இறங்கி வந்து அதை எல்லோருக்கும் சொன்னேன். முக்கியமாக உபால்டோவிடம். அவன் அண்ணனின் தலைமாட்டை விட்டு நகரவே இல்லை. கயிறு தேய்ந்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும், விஞ்சை மெதுவாக விட்டிருக்க வேண்டும் என்று தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏற ஏற கொலோனின் வலி கூடியது. காயத்தின் வலி போய், கட்டின் வலி வந்துவிட்டது. கால் நீலம் பாரித்துப் பிறகு வெளுத்தது. கொலோன் பெரிய குரலுக்குப் பேர்போனவர். புயலிலும் அவர் போடும் சத்தம் பின்தளம்வரை கேட்கும். அந்த மனிதர் குழந்தை மாதிரி அனத்தியதை ஆட்களால் கேட்க முடியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். யாரோ மொன்செர்ராத்தே மாதா படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அவர் மார்பில் வைத்திருந்தார்கள்.

டாக்டரம்மாவோடு மறுபடி பேசும் நேரம் வந்தது. நாடியைப் பார்த்து எழுதிக்கொண்டு மேலே போனேன். பேசி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது அனத்தல் நின்றிருந்தது. கொலோன் கண்ணை மூடி அமைதியாகக் கிடந்தார். ஒரு நொடி எனக்கும் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் மேசை விளிம்பிலிருந்து தரையில் சொட்டும் ஓசை கேட்டது. போர்வையை இழுத்தேன். ஸ்பேனர் தொளதொளவென்று தொங்கியது. கீழ்க்கட்டின் குச்சியும் அவிழ்ந்திருந்தது.

"ஒரு நிமிஷம்தான் அக்கா," என்றான் உபால்டோ. "காலுக்குக் கொஞ்சம் ரத்தம் போனா அது பிழைச்சுக்கும்னு… அண்ணன் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு கெஞ்சினான். நான் என்ன பண்றது?"

இரண்டு கைகளாலும் ஸ்பேனரைப் பிடித்து என் முழு எடையையும் போட்டுத் திருகினேன். கை வழுக்கியது. மறுபடி திருகினேன். ரத்தம் நின்றபோது கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி இருக்கிறதா, என் விரல்தான் துடிக்கிறதா என்று தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். இருந்தது, நூல் மாதிரி. கால்மாட்டை உயர்த்தி, மிச்சமிருந்த உப்புநீர்ப் பையையும் தொங்கவிட்டேன். கப்பலில் அதற்குமேல் எதுவும் இல்லை.

உபால்டோ சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்ற இரண்டு பேர் அவனை அடிக்கிற மாதிரி பார்த்தார்கள். வெளியே இழுத்துக்கொண்டு போகட்டுமா என்று ஒருவன் கேட்டான்.

அவனை அங்கே வைத்திருக்கக் கூடாதுதான். ஆனால் முடிச்சு ரத்தத்தில் ஊறித் தளர்ந்திருந்தது. கட்டி அப்படியே விட்டுவிட்டால் நழுவும். ஒருவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விஞ்ச் நெம்புகோலைப் பிடித்துக் காய்த்துப்போன கை அவனுடையது. தவிர, அந்தக் கட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்று அவனைவிட நன்றாக அங்கே யாருக்கும் தெரியாது.

"இங்க வா," என்றேன். "இதைப் பிடி. நான் சொல்றவரைக்கும் விடாதே. அவர் என்ன கேட்டாலும் சரி."

"என்னை நம்பியா குடுக்குறீங்க?"

"பிடிடா."

பிடித்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஹெலிகாப்டர் விமானி ஹெர்னான் வந்தார். இப்போது கிளம்பினால் எண்ணெய் சரியாக இருக்கும். காற்று எதிரே திரும்பினால் சரியாக இருக்காது என்றார். "இன்னும் கொஞ்சம் கிட்ட போகலாம்தான். ஆனா இருட்டினா எனக்கு ஓடுபாதை தெரியாது." டாக்டரம்மா கிளம்பச் சொல்லிவிட்டார்.

பின் இருக்கைகளில் கொலோனைக் குறுக்காகக் கிடத்தினோம். தலை என் மடியில். உபால்டோ தரையில் முழந்தாளிட்டு ஸ்பேனரைப் பிடித்திருந்தான். எடையைக் குறைக்க ஹெர்னான் கதவுகளையே கழற்றிப் போட்டிருந்தார். கடல்காற்று உள்ளே அறைந்தது. பாதி வழியில் கொலோன் கண் விழித்தார். இரைச்சலில் குரல் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தம்பியைப் பார்த்துத்தான் அசைந்தது. என்ன கேட்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உபால்டோ அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதான். கை அசையவில்லை.

எண்ணெய் தீர்வதைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரியத் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் தீவு தெரிந்தது. ஹெர்னான் அந்த விளக்கின்மேல் தன் தொப்பியை மாட்டி மறைத்துவிட்டார்.

ஓடுபாதையிலேயே ஆம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் ஸ்பேனரை வாங்கப் போனார். உபால்டோவின் விரல்கள் விரியவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

உயிர் தங்கியது. கால் தங்கவில்லை; முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அறுவை டாக்டர் வெளியே வந்தபோது உபால்டோ எழுந்து, தான் கட்டை அவிழ்த்ததைச் சொல்லி, அதனால்தான் கால் போனதா என்று கேட்டான். ரத்தக்குழாய் அறுந்து அவ்வளவு நேரம் ஆனபின் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். "அவுத்ததால கால் போகலை. உயிர் போயிருக்கும்," என்றார். அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை கொலோன் விழித்திருந்தார். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். உபால்டோ கட்டிலருகே நின்றபடியே, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கொலோன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான்தானே கெஞ்சினேன். எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார் கடைசியில். பிறகு, "ஹெலிகாப்டர்லயும் கெஞ்சினேனே, ஏண்டா கேட்கலை?"

"அக்கா விடக் கூடாதுன்னாங்க."

கொலோன் என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கால் இருந்த இடத்தில் தட்டையாகக் கிடந்த போர்வையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். "கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காதீங்க," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. உபால்டோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அண்ணனின் முதுகில் கையை வைத்தான். கொலோன் அதைத் தட்டிவிடவில்லை.

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். ஹெர்னான் எண்ணெய் நிரப்பிவிட்டுக் காத்திருந்தார். கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அதற்குமுன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டு, இரண்டு இறுக்குப்பட்டைகள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.