கோயில் மடுவுக்கு வழி

முதல் நாடாவைப் பார்த்ததுமே கார்னெட் நின்றுவிட்டான். மரம் வெட்டுகிறவர்கள் எல்லை குறிக்கக் கட்டும் ஆரஞ்சு பிளாஸ்டிக் நாடா. ரோட்டிலிருந்து தெரியாத தூரத்தில், கண்ணுக்கு நேரான ஒரு கிளையில், சிறுமிக்கு ரிப்பன் கட்டியது போல் அழகாக முடிச்சிட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. எல்லாம் ஆற்று மடுவை நோக்கித்தான் போயின.

"எந்த நாசமாப் போறவன் வேலைடா இது!" என்று தனியாகவே கத்தினான்.

அந்த மடுவுக்கு வழி என்று ஒன்று கிடையாது. வழி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அவனும் சிநேகிதன் மெர்வினும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வண்டியைப் பாலத்தருகே விட்டுவிட்டு, ரோட்டை ஒட்டிய தண்டவாளத்தோடு திரும்பி நடந்து, ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் காட்டுக்குள் நுழைவார்கள். கரடி நடந்தால்கூடத் தடம் விழும், இவர்கள் நடந்தால் விழாது. யாராவது "மீன் உண்டா?" என்று கேட்டால் இரண்டு பேரும் கையை விரித்து ஆற்றைத் திட்டுவார்கள். வட பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்டீல்ஹெட் பிடிக்கிறவன் பொய் சொன்னால் அதை யாரும் பாவத்தில் சேர்ப்பதில்லை.

ஸ்டீல்ஹெட் கடலில் தின்று கொழுத்து, இலை உதிரும் காலத்தில் பிறந்த ஆற்றுக்கே ஏறி வருகிற மீன். இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியைக் காட்டி அதை ஏமாற்ற வேண்டும். ஏமாந்ததைத் தின்னக் கூடாது. தடவிக்கொடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இதற்காக வயசான ஆம்பிளைகள் விரல் மரத்துப்போக இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆயுசைத் தொலைக்கிறார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மடுவுக்குக் கோயில் என்று பெயர் வைத்ததும் மெர்வின்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்ப வசதியாக இருந்தது. அங்கே முதல் மீன் மாட்டிய அன்று, கரையில் விஸ்கி குப்பியை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு, இந்த இடம் நம்ம ரெண்டு பேரோட போகணும் என்று மெர்வின் கையை நீட்டினான்.

"பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டான் கார்னெட்.

"முக்கியமா பொண்டாட்டிகிட்ட" என்றான் மெர்வின்.

கார்னெட் கையில் அடித்து சத்தியம் செய்தான். ரயில்வேயில் வேலை பார்த்தவன், கொடியைக் காட்டினால் காட்டியதுதான். அந்தப் பிடிவாதத்தில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மனைவி ஐரீன் அதை வைத்து அவனைக் கிண்டல் செய்யாத வருஷமில்லை. "அது என்ன கோயிலு, பொம்பளைங்க காலு வைக்கக் கூடாதுன்னு?" என்பாள். போன வருஷம் செப்டம்பரில், தலைமுடியெல்லாம் கொட்டிப்போய்ப் போர்வைக்குள் கிடந்தபோது, கிண்டல் இல்லாமல் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன், கார்னெட். நான் எதுவும் பேச மாட்டேன். கரையில உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். இத்தனை வருஷம் நீ எங்க போயிப் போயி வந்தேன்னு பாத்துக்கிறேன்."

பாதை மோசம், உன்னால் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டான். முடியாதுதான். ஆனால் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அவ்வளவு இளைத்திருந்தாள். சத்தியத்தின் ஞாபகம்தான் அவன் வாயை அடைத்தது. அவளுக்கும் அது தெரியும். "சரி விடு, உன் மெர்வின் கோச்சுக்குவான்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நவம்பரில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் ஆற்றுக்கு வருகிறான். மெர்வினிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாடாவாகப் பிய்த்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டே நடந்தான். வெளியூர்க்காரன் எவனோ மோப்பம் பிடித்துவிட்டான், மெர்வினுக்குத் தெரிந்தால் மனுஷன் துடித்துப்போவான் என்று நினைத்துக்கொண்டான்.

மரங்கள் விலகிய இடத்தில் மெர்வின் கரையில் விழுந்துகிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தான். மடுவின் தலைமாட்டில், மேல்முனைத் தண்ணீருக்குள், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் தூண்டில் வீசிக்கொண்டிருந்தாள்.

"அடேய், வந்துட்டியா!" மெர்வின் எழுந்தான். முகத்தில் உண்மையான சந்தோஷம். "சொல்லியிருந்தா இன்னொரு சாண்ட்விச் கொண்டாந்திருப்பேனே. இது பெவ், இவ வண்டியிலதான் வந்தோம். அதான், ஒருத்தியோட பழகுறேன்னு போன்ல சொன்னேன்ல? பெவ்! இவன்தான் கார்னெட்!"

அவள் திரும்பிக் கையை ஆட்டியதில் தூண்டில் கயிறு தோளில் சுற்றிக்கொண்டது. "வாங்க வாங்க! உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு!"

கார்னெட் பையிலிருந்து கைநிறைய நாடாவை எடுத்துக் காட்டினான். "இது நீ கட்டினதா?"

"ஆமா. அவளுக்குத் திசை தெரியாது. தனியா வந்தா தொலைஞ்சு போயிடுவா."

"தனியா வேற வருவாளா?"

"ஏன், வந்தா என்ன?"

"சத்தியம் பண்ணோம்டா."

மெர்வின் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "அதுவா? அது விஸ்கி பண்ண சத்தியம்டா! அவ கேட்டா, கூட்டியாந்தேன். ஆறுதானே, என்ன கஜானாவா? ஜூடித் என்னை டைவர்ஸ் பண்ணிட்டுப் போறதுக்கு முன்னாடி அவளையே ரெண்டு தடவை கூட்டியாந்திருக்கேன். ஈ கடிக்குதுன்னு ஒரே சண்டை." காபியை உறிஞ்சினான். "நீ மட்டும் ஐரீனைக் கூட்டிட்டு வராமலா இருந்தே?"

கார்னெட் நாடாவை மறுபடி பைக்குள் திணித்தான். மெர்வினின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"வரவே இல்லையா? ஒரு தடவைகூடவா?" என்றான். "டேய், எந்தப் புருஷன்டா பொண்டாட்டிகிட்டச் சொல்லாம இருப்பான்?"

ஒருத்தன் மறந்தே போன வார்த்தையை இன்னொருத்தன் அடைகாத்திருக்கிறான். துரோகம் என்று மெர்வினைத் திட்டலாம் என்றால், அவனுக்கு அது துரோகம் என்பதே தெரியவில்லை. போர்வைக்குள் கிடந்தவள் கேட்ட ஒரே ஒரு ஆசையை எதற்காக மறுத்தோம் என்பதற்கு இனிமேல் கார்னெட்டிடம் காரணம்கூட இல்லை.

தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அவன் மேலே போகவில்லை. கீழே போனான்.

அந்த ஆறுகளில் ஒரு முறை உண்டு. தலைமாட்டில் இறங்குகிறவன் குறுக்கே வீசி, பூச்சியை ஓட்டத்தோடு சுழலவிட்டு, ஓர் அடி கீழே வைத்து மறுபடி வீசுவான். அப்படியே மடு முழுவதும் இறங்கிப் போவான். அவனுக்குக் கீழே உள்ள தண்ணீர் அவனுடையது. பின்னால் வருகிறவன் மேலேதான் சேர வேண்டும். இன்னொருவருக்குக் கீழே இறங்குவது அடுத்தவர் இலையில் கைவைக்கிற மாதிரி. அதற்காக மண்டை உடைந்த கதைகள் அந்த ஊரில் உண்டு. கார்னெட் வாழ்நாளில் செய்யாத காரியம் அது. பெவ்வுக்கு நேர் கீழே, பெரிய பாறைக்குப் பின்னால் மீன் தங்குகிற இடத்துக்குப் போய் இறங்கினான்.

"கார்னெட்!" மெர்வின் கத்தினான். "என்னடா பண்றே? அவளுக்குக் கீழயா இறங்குறே?"

"இருக்கட்டும் மெர்வின், இடமா இல்லை? நல்லா நில்லுங்க நீங்க!" என்றாள் பெவ். அவளுக்கு முறையும் தெரியவில்லை, தன்னை அவமானப்படுத்துகிறான் என்பதும் தெரியவில்லை. வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரே கேவலமும் வீணாகிப்போனது.

"அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்டா" என்றான் மெர்வின், குரல் இறங்கி.

மூன்றாவது வீச்சில் கயிறு நின்றது. பிறகு கம்பு வளைந்தது, கயிறு சுற்றிய சுருள் அலறியது. மடுவின் நடுவே ஒரு மீன் முழு உடம்போடு எழும்பி விழுந்தது. கன்னத்தில் சிவப்பு ஓடிய பெரிய ஆண் மீன். அவனும் மெர்வினும் கனவில் மட்டுமே பார்த்த அளவு. பெவ் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிக்கொண்டு கரையேறினாள்.

கார்னெட் பழக்கத்தால் மீனோடு விளையாடினான். விட்டான், இழுத்தான், ஓட்டத்துக்குள் போகாமல் திருப்பினான். இரண்டு தோளும் கடுத்தன. கடைசியில் மீன் களைத்து ஒருக்களித்து ஆழமில்லாத இடத்துக்கு வந்தபோது, மெர்வின் தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தான். எப்போதும் அவன்தான் வருவான். குனிந்து, வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்குத் திருப்பிக் கொடுப்பான். எத்தனையோ வருஷமாக கார்னெட்டின் எல்லா மீன்களையும் பிடித்த கை அது. கோபத்தை மறந்து, பழக்கமே போதும் என்று மெர்வின் அதை நீட்டினான்.

"மெதுவா விடு. வந்துட்டேன், வந்துட்டேன்டா" என்றான்.

கார்னெட் கம்பை மீனுக்கு நேராக நீட்டி, சுருளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். கயிறு விறைத்து, பட்டென்று அறுந்தது. மீன் ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது.

"அய்யோ, போயிடுச்சே! பாவம்!" என்று கரையிலிருந்து பெவ் சொன்னாள்.

மெர்வின் நீட்டிய கையோடு தண்ணீரில் நின்றான். அறுந்ததா, அறுத்தானா என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

"உன் கையால வேணாம்" என்றான் கார்னெட்.

கரையேறி, யாரையும் பார்க்காமல் காட்டுக்குள் நடந்தான். மெர்வின் இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

கொஞ்ச தூரத்தில், நாடா பிய்த்த கிளையொன்றில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கார்னெட் நின்று அதைப் பார்த்தான். பிறகு பைக்குள் கைவிட்டு நாடாவை எடுத்து, அதே கிளையில் கட்டினான். மரத்துப்போன விரல்களால் இரட்டை முடிச்சுப் போட்டான். அடுத்த மரத்தில் அடுத்தது. மெர்வின் கட்டிய இடத்தோடு அவன் நிற்கவில்லை. தண்டவாளம் வரை கட்டினான். மீதியை ரோட்டோரத்து மரத்தில், ஓடும் வண்டிக்கும் தெரிகிற மாதிரி, ஒரு பெரிய கொத்தாகக் கட்டினான்.

அதைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு வண்டி வேகம் குறைத்து நின்றது. கூரைமேல் தூண்டில் கம்புகள். ஓட்டி வந்தவன் கண்ணாடியை இறக்கினான். பக்கத்தில் அவன் மனைவி மடியில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள்.

"பெரியவரே, இந்தப் பக்கம் மீன் ஏதாவது உண்டா?"

"இருக்கு" என்றான் கார்னெட். ஆற்றைப் பற்றி அந்நியனிடம் அவன் சொன்ன முதல் உண்மை அது. "நாடாவைப் பாத்துக்கிட்டே போங்க. பெரிய பாறைக்குப் பின்னாடி நிக்குது."

அந்த ஆள் நம்ப முடியாமல் அவனைப் பார்த்தான். பிறகு அவசரமாகக் கதவைத் திறந்துகொண்டு மனைவியிடம் சொன்னான்: "நீ வண்டியிலேயே இரு. நான் ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"அவங்களையும் கூட்டிட்டுப் போய்யா!" என்று கார்னெட் கத்தினான்.

இருவரும் பயந்துபோய் அவனைப் பார்த்தார்கள். அவன் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பாலத்தை நோக்கி ரோட்டின் நடுவிலேயே நடந்தான்.