நாலு கூடை காரல்

முப்பது வருஷச் சிநேகத்துக்கு ஜெயசிங் போட்ட விலை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். கூட்டாளி சிலுவையின் முதலாண்டு நினைவுக்கு நூறு பிரியாணிப் பொட்டலம். எண்பது சொன்ன கடைக்காரனை எழுபத்தைந்துக்குப் படிய வைத்திருந்தார்.

சிலுவையின் மனைவி பிலோமி கேட்டுச் சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, ஒங்க கூட்டாளி என்னைக்காவது ஆளுகள வரிசையில நிறுத்திக் குடுத்தாவளா?"

இல்லைதான். இருவரும் திரேஸ்புரம் ஏலக்கூடத்தில் மீன் எடுத்த வியாபாரிகள். கடலில் அடிபட்டு வந்தவனின் மீன் ஏலத்துக்கு வந்தால் சிலுவை தாறுமாறாக விலையை ஏற்றுவார். அப்புறம் "கணக்கு தப்பிட்டுடே" என்று தலையைச் சொறிவார். ஜெயசிங் திட்டினால் ஒரே பதில்: "கையில குடுத்தா வாங்குதவன் தலை குனியணும். ஏலத்துல குடுத்தா நான் முட்டாப்பய, அம்புட்டுத்தான?"

பிரியாணியை ரத்து செய்துவிட்டு ஜெயசிங் ஏலக்கூடத்துக்குப் போனார். அன்று ஜெனிஸின் வள்ளம் வந்திருந்தது. பாறையில் வலை கிழிந்து பத்து நாள் தொழில் இல்லாதவன். கொண்டுவந்தது நாலு கூடை காரல்; கருவாட்டுக்குப் போகிற பொடிமீன். மூவாயிரத்துக்குப் போனால் அதிகம். ஒருநாள் நாமும் முட்டாளாவோம் என்று தீர்மானித்து, "ஐயாயிரம்" என்றார்.

கூடம் திரும்பிப் பார்த்தது. சிலுவை ஏற்றினால் சிரிப்பார்கள். ஐஸ்கட்டிக்கே பேரம் பேசுகிற ஜெயசிங் ஏற்றினால்? ரெண்டு ரூபாய் முளைக்கும் என்று தெரியாமல் ஒரு ரூபாயை ஊன்றுகிற ஆளா அவர்? கேரளாவில் காரலுக்கு ஏதோ கிராக்கி வந்திருக்க வேண்டும்!

"ஆறாயிரம்," என்றான் இளவட்ட வியாபாரி ஸ்டெபின்.

"ஏழு."

"எட்டு! தனியா திங்கலாம்னு பாக்கியளா அண்ணாச்சி?"

"விட்டுருடே," என்று ஜெயசிங் கெஞ்சினார். அதுவே ஸ்டெபினுக்கு உறுதியாகிவிட்டது.

"ஒம்பது!"

பத்து சொல்ல வாயெடுத்தார் ஜெயசிங். முப்பது வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. ஏலம் முடிந்துபோயிற்று.

ஜெனிஸ் பணத்தை எண்ணி மடியில் செருகிக்கொண்டு, இருவரையும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு வலைக்கடைப் பக்கம் நடந்தான்.

ஸ்டெபின் ஓரமாக வந்து, "இப்பமாவது சொல்லுங்க. எந்தப் பார்ட்டி காரல் கேக்கான்?" என்றான்.

ஜெயசிங் உள்ளதைச் சொன்னார்.

"ஆறாயிரம் போச்சே அண்ணாச்சி!"

"நட்டத்த நான் தாரேன். பிடி."

வாங்க நீண்ட ஸ்டெபினின் கை பாதியில் நின்றது. "சிலுவை மாமா பேர்லயா?" கையை இழுத்துக்கொண்டான். "எங்கப்பா வள்ளம் கவுந்த வருஷம் எங்க சாளை மீன மாமாதான் எட்டாயிரத்துக்கு எடுத்தாவ. நாங்க இன்னைக்கு வரைக்கும் அது நல்ல சாளைன்னுலா நெனச்சிட்டிருக்கோம்!"

பிறகு நடந்தது அந்தக் கூடம் காணாத பேரம். ஆறாயிரமும் என்னுது என்று ஜெயசிங் ஆரம்பித்தார். ஒத்தைப் பைசா வாங்கமாட்டேன் என்றான் ஸ்டெபின். குரல் உயர்ந்தது, அம்மா மேல் சத்தியம் வந்தது, ஒருவர் பையில் ஒருவர் நோட்டைத் திணித்தார்கள். ஆயிரத்துக்கு மேல் ஸ்டெபின் மசியவில்லை. ஜெயசிங் முதல்முறையாகப் பேரத்தில் தோற்றார்.

வீட்டுக்குப் போய்க் கணக்கு எழுதினார். சிலுவை பேரில் ஸ்டெபினுக்குக் கொடுக்க நினைத்தது, ஆறாயிரம். கொடுத்தது, ஆயிரம். இன்னும் பாக்கி, ஐயாயிரம்.