இடது முன் சக்கரம்

மூன்று நாளாக அந்த மஞ்சள் விளக்கு எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது. காரை எடுத்துப் பத்தடி நகர்த்துவதற்குள் டக்கென்று எரிந்துவிடும். ஏ.பி.எஸ். படுத்துவிட்டது என்று அர்த்தம். ஈரத் தரையில் ஓங்கிப் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், கார் தன் இஷ்டத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். வெளியேயோ வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது.

கார் பல் டாக்டருடையது. அவர் வீடு மலைமேல். மேடு பள்ளத்துக்குத் தாங்கவில்லையென்று பழைய சஸ்பென்ஷனை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு, உயரமான புது செட் மாட்டச் சொல்லியிருந்தார். முன் சக்கரங்களுக்குப் புதுப் பேரிங்கும் போட்டு மாட்டியாயிற்று. கார் ஜம்மென்று நின்றது, விளக்கும் ஜம்மென்று எரிந்தது. இன்று இரண்டு மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிட்டு நேரே பட்டறைக்கு வந்து பெஞ்சில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சரியாகாமல் எழுந்திருக்கமாட்டாராம். சாரல் அடிக்கிறதென்று ஷட்டரையும் முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். உள்ளே ஐந்து பேர், ஒரு கார், மூச்சை முட்டும் எண்ணெய் வாடை.

ஐந்து பேரில் இரண்டு பேருக்குக் கோளாறு எங்கே என்று தெரியும். ஒருத்தி பட்டறைக்காரர் வீட்டு மருமகள். கவுண்டரில் உட்கார்ந்து, எழுத ஒன்றுமில்லாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இன்னொருவன் அவள் புருஷன். காருக்கு அடியில் எதையோ தேடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, மாமனார் நல்ல மனிதர். அதுதான் தொல்லையே! கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். “உனக்கெதுக்கும்மா இந்த கிரீஸும் அழுக்கும்? கை நசுங்கினா உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடமாக அவளை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்திருந்தார். மதியம் அவர் மாடிக்குப் போய்க் கண்ணயரும்போது, கொழுந்தனும் சாப்பிடப் போயிருக்கும்போது, அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவளுடையது. அப்போதுதான் பிரஸ் மெஷின் முன்னால் நிற்பாள். புருஷனுக்குச் சக்கரத்துக் கூட்டுக்குள் பேரிங்கை அழுத்தி இறக்கும் வேலை சுட்டுப்போட்டாலும் வராது, கோணலாக இறக்கிவிடுவான். ஒரு வருடமாக அங்கே இறங்கிய ஒவ்வொரு பேரிங்கும் அவள் இறக்கியது. பேர் மட்டும் அவனுக்கு.

“இந்த டாக்டர் வேலை நல்லபடியா முடியட்டும், அப்பாகிட்ட நானே சொல்லிடறேன். அப்புறம் நீ எல்லார் முன்னாடியும் நின்னு செய்யலாம்” என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அதை நம்பி அவள் தன் அளவுக்கு நீலத்தில் ஒரு வேலைச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தாள், பைத்தியக்காரி.

வேலை நல்லபடியாகவா முடிந்தது? பேரிங்குக்கு இரண்டு முகம். ஒன்றில் மட்டும் மெல்லிய காந்தப் பட்டை இருக்கும். அது சென்சாரைப் பார்த்து இருந்தால்தான் சக்கரம் சுற்றுவது சென்சாருக்குத் தெரியும். பார்வைக்கு இரண்டு முகமும் அச்சு அசல் ஒன்றுதான். இன்று மதியம் சந்தேகம் தட்டி, சென்சாரைக் கழற்றி அந்தத் துளைக்குள் ஒரு குண்டூசியை விட்டுப் பார்த்தாள். வலது சக்கரத்தில் சிக்கென்று ஒட்டியது. இடது சக்கரத்தில் ஒட்டவேயில்லை. திருப்பி அழுத்தியிருக்கிறாள்! புருஷனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். “மூச்சு விடாத. யாருமில்லாதப்ப மாத்திடலாம்” என்றான். அடுத்த நிமிடம் டாக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் காரின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு கொழுந்தனை வறுத்துக்கொண்டிருந்தார். “ஓட்டிப் பாத்தா மூணு சக்கரம் இருபதுல ஓடுது, இடது முன் சக்கரம் மட்டும் சைபர்ல நிக்குது. சென்சார் புதுசு. அப்ப ஒயர்தானே? ஒயர் யாரு போட்டது?”

“அப்பா, நாலு தடவ புடுங்கி நாலு தடவ போட்டுட்டேன்ப்பா.”

“நான் ஒரே பல்லை நாலு தடவ புடுங்கினா விடுவீங்களா?” என்றார் பெஞ்சிலிருந்து டாக்டர்.

கொழுந்தன் கையிலிருந்த கட்டிங் பிளேயரைத் தரையில் போட்டான். “மூணு நாளா திட்டு வாங்கறேன். நான் வேற எடத்துல வேலை தேடிக்கறேன், விடுங்க.”

அதற்குமேல் அவளால் மென்று விழுங்க முடியவில்லை. எழுந்தாள். “மாமா, ஒயர்ல ஒண்ணுமில்ல. இடது பேரிங் திரும்பிப் போயிருக்கு. நான்தான் அழுத்தினேன்.”

மாமனார் அவளைப் பார்த்தார், காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த மகனின் காலைப் பார்த்தார். முகம் அப்படியே கனிந்துவிட்டது.

“பாத்தீங்களா டாக்டர்? புருஷன் செஞ்ச தப்பைத் தன் தலையில போட்டுக்கறா!”

“ஐயோ இல்ல மாமா, நிஜமாவே நான்தான்.”

“போதும்மா, எனக்குப் புரியுது.”

“குடுத்து வெச்சவர் சார் உங்க மகன்” என்றார் டாக்டர். “என் வீட்ல நான் செய்யாத தப்பும் என் தலையிலதான் விடியும்.”

அவள் குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள். “என்னங்க, நீங்க சொல்லுங்க.”

அவன் மெதுவாக வெளியே வந்தான். “என் தப்புதான்ப்பா. கவனிக்கல.”

அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டான், பாவி. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருடத்து நல்ல வேலையெல்லாம் அவன் கணக்கில் போயிற்று, போகட்டும். தப்பாவது தன்னுடையதாக இருக்கும் என்று பார்த்தால் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். எல்லோரும் அன்பாக அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. மறுபடியும் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரத்தில் புருஷன் இடது சக்கரத்தைப் பிரித்து, திரும்பிப் போன பேரிங்கை உடைத்து எடுத்துவிட்டான். புதுப் பேரிங்கோடு பிரஸ் முன்னால் போய் நின்றவன் நின்றபடியே நின்றான். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். பிறகு துணி எடுக்க வருவதுபோலக் கவுண்டருக்கு வந்து குனிந்தான்.

“எந்தப் பக்கம் உள்ள போகணும்?”

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. “சத்தமா கேளுங்க” என்றாள்.

“ஏய், அப்பா இருக்கார்.”

“அதனாலதான்.”

“விளையாடாத. அந்த மனுஷன் இந்த மழையில மலையேறப் போறார்.”

“தெரியும். தப்பா போக விடமாட்டேன். நீங்க கேளுங்க, நான் சொல்றேன்.”

“என்னடா அங்க குசுகுசுன்னு?” என்றார் மாமனார்.

அவன் நிமிர்ந்தான். காது சிவந்துவிட்டது. டாக்டரைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். தப்பி ஓடவும் இடமில்லை, ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

“எந்தப் பக்கம் இறக்கணும்னு எனக்குத் தெரியாதுப்பா” என்றான் ஒருவழியாக. “இங்க பேரிங் அழுத்தறதெல்லாம் இவதான். ஒரு வருஷமா.”

கொழுந்தன் அண்ணியை வாய் பிளந்து பார்த்தான்.

“ஒரு வருஷமா ரெண்டு பேரும் என்னை முட்டாளாக்கியிருக்கீங்க” என்றார் மாமனார். குரலில் அந்தக் கனிவெல்லாம் போன இடம் தெரியவில்லை. “சரி, ஒரு வருஷம் ஒழுங்கா அழுத்தினவ இதை மட்டும் ஏன் திருப்பி அழுத்தின?”

அவள் முதல் முறையாக அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னாள். “மாடியில நீங்க எழுந்து வர்ற சத்தம் கேட்டுச்சு மாமா. பயத்துல எந்தப் பக்கம்னு பாக்காம இறக்கிட்டேன்.”

அவர் ஒரு ஸ்டூலை இழுத்து பிரஸ்ஸுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மகன் கையிலிருந்த பேரிங்கை வாங்கி அவளிடம் நீட்டினார்.

“நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கேன்” என்றார். “நிதானமா அழுத்து.”