சாக்பீஸ் விழுந்த மரங்கள்

மனைவி தையல் பெட்டியிலிருந்து சாக்பீஸை எடுத்து முந்தானையில் முடிந்தபோதே, இன்று தன் மரங்களில் கோடு விழும் என்று கண்டக்டருக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பல வருடமாகியும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். வீட்டுக்குப் பின்னால் மொட்டையாகக் கிடந்த சரிவில், விடுமுறை நாளெல்லாம் குழி தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஒரு காட்டையே எழுப்பிய மனுஷன். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஆட்களை அடைத்தே பழகியவருக்குக் காலி இடத்தைக் கண்டால் பொறுக்காது. ஒரு முழம் இடைவெளி தெரிந்தாலும் அதில் ஒரு கன்றைச் செருகிவிடுவார். பிறகு கம்பிவேலி போட்டு, விறகுக்கு வந்தவர்களை விரட்டினார். தன் மரத்தில் கத்தி படக்கூடாது என்று அவர் சொன்னதை அக்கம்பக்கம் மதித்தது, பாதி மரியாதையில், மீதி அவர் வாய்க்குப் பயந்து.

அந்தக் காடுதான் இப்போது செத்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டு உயர்ந்த மரங்கள் நோஞ்சானாக நின்றன. கீழே புல் இல்லை. குருவிகூட எட்டிப் பார்ப்பதில்லை. போன மழையில் ஒரு வரிசை அப்படியே சாய்ந்தது. அவர் நோய் என்று சொல்லி மருந்து வாங்கி அடித்தார். மனைவிக்கு அது நோயாகத் தெரியவில்லை. அவள் பிறந்த பக்கத்தில் வெயில் ஏறுவதற்கு முன் வீட்டுக்கு ஒருவராகக் காட்டுக்குப் போவார்கள். நெருக்கத்தைக் கழித்து, நல்லதை நிறுத்திவிட்டு வருவார்கள். வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்விடும். இதை அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். காட்டைத் தின்கிற கூட்டம் என்று அவர் எரிந்து விழுந்திருக்கிறார். நேற்று இன்னொரு வரிசை சாய்ந்த பிறகு அவள் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இத்தனை வருஷமா ஏத்திக்கிட்டே இருந்தீங்க. ஒருத்தரையாவது எறக்கி விட்டீங்களா?"

சிரிக்கத்தான் சொன்னாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் ரம்பத்தோடு அவள் பின்னால் போனார். அவள் மரத்தைத் தடவி, அண்ணாந்து உச்சியைப் பார்த்து, வெட்டவேண்டியதில் மட்டும், துணியில் போடுவதுபோல ஒரே இழுப்பில் கோடு போட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் வக்காலத்து வாங்கினார். இது ஆடு கடித்தும் பிழைத்தது, இது பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கோடு போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மேட்டில் அந்த இரண்டு மரங்கள். கல்யாணமான புதிதில் ஆளுக்கொன்றாக நட்டவை. சேர்ந்தே இருக்கட்டும் என்று அவர்தான் ஒட்டி ஒட்டி நடச் சொன்னார். அவள் இரண்டையும் அண்ணாந்து பார்த்தாள். தன் மரத்தில் கோடு போட்டுவிட்டு நகர்ந்தாள்.

"இரு," என்றார். "இது தப்பு. உன்னோடதுதான் நேரா இருக்கு. என்னோடது பாதி காஞ்சிருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எல்லாத்தையும் வெட்டச் சொல்லிட்டு, உங்களோட இதையும் எப்படிங்க சொல்றது?"

பாசத்தில் விட்டுவைக்கிற இந்தச் சலுகைதான் இந்தக் காட்டையே கெடுத்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துண்டால் அவள் மரத்தின் கோட்டைத் துடைத்தார். பட்டையின் வெடிப்பில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டே இருந்தது. கையை நீட்டி சாக்பீஸை வாங்கித் தன் மரத்தில் தானே கோடு போட்டார்.

அறுத்து முடித்தும் மரம் விழவில்லை. விழ இடமில்லாமல் பக்கத்து மரங்கள்மேல் சாய்ந்தபடியே நின்றது. இருவரும் அடியைப் பிடித்து, தம் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். கிளைகளை உரசிக்கொண்டு அது மெதுவாகக் கீழே வந்து படுத்தது. கண்டக்டர் அழுதார். மறைக்கவில்லை.

அவள் காலடியில், சருகின்மேல், ஒரு பாய் அளவுக்கு வெயில் விழுந்திருந்தது. மிதித்துவிடக் கூடாது என்பதுபோல அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.